அடைபட்ட ஏற்பிக்கு எந்த மருந்து? பரம்பரைக் கொலஸ்ட்ரால் உள்ள டர்பன் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

இளம் வயதிலேயே மாரடைப்பில் போன ஒரு மாமாவையோ சித்தப்பாவையோ நினைவில் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சாட்ஸ்வொர்த்தில், ஃபீனிக்ஸில், டோங்காட்டில் நிறைய உண்டு. சர்க்கரை, சிகரெட், எண்ணெய்ச் சாப்பாடு என்று காரணம் சொல்லி முடித்துவிடுகிறோம். பல வீடுகளில் அது சரியாகவும் இருக்கும். சில வீடுகளில் மட்டும் காரணம் அதற்கும் முன்னால், கருவிலேயே வந்துவிடுகிறது. கெட்ட கொலஸ்ட்ராலைச் சுமந்துவரும் எல்டிஎல் துகளை ரத்தத்திலிருந்து பிடித்தெடுக்கும் புரதம் எல்டிஎல் ஏற்பி. அதன் மரபணுவில் பிழை. பிறந்த நாள் முதல் எல்டிஎல் கொலஸ்ட்ரால் உயர்ந்தே இருக்கும். வளர்ந்தவர்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிமோலுக்கு மேல் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். இந்தியாவிலுள்ள உறவினர்கள் சொல்லும் கணக்கில் அது டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 190 மில்லிகிராம். புரட்டாசி முழுக்கச் சைவம் இருந்து, மாத முடிவில் ரத்தம் கொடுத்துப் பார்த்து, எண் அசையவில்லையே என்று மனம் நொந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் விரதத்தில் குறையில்லை. உணவு இந்த நோயில் கொஞ்சம்தான் உதவும்.

இப்போது மரபணுப் பரிசோதனை செய்துகொள்பவர்கள் கூடி வருகிறார்கள். அறிக்கையில் "இரண்டாம் வகை மாற்றம், ஏற்பி செல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது" என்று வந்தால் வீட்டில் உடனே எழும் கேள்வி ஒன்று உண்டு. உள்ளே சிக்கிக் கிடப்பதை வெளியே கொண்டுவரும் மருந்து இல்லையா, ஏன் அதே பழைய ஸ்டேட்டின் மாத்திரையையே எழுதித் தருகிறார்கள்? மிகச் சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் செல் ஏன் அந்த ஏற்பியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஏற்பியின் வேலை எளிமையானது. கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் நின்று, ரத்தத்தில் வரும் எல்டிஎல் துகளைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. உள்ளே எண்டோசோம் என்ற பையில் அமிலத்தன்மை கூடும்போது துகளை விட்டுவிட்டு மேற்பரப்புக்குத் திரும்புகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10 நிமிடம். ஆயுள் ஏறத்தாழ 20 மணி நேரம். ஆக, ஒரே ஏற்பி நூற்றுக்கும் மேற்பட்ட முறை போய்வரும். டாலஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் இதைக் கண்டறிந்து 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மேற்பரப்பை அடைவதுதான் பெரும்பாடு. செல்லுக்குள் புரதங்கள் உருவாகி மடியும் இடமான எண்டோபிளாச வலைக்குள் ஏற்பி ஒரு நீண்ட இழையாகப் பிறக்கிறது. முதிர்ந்த வடிவத்தில் 839 அமினோ அமிலங்கள். அதன் வெளிப்பகுதியில் சிஸ்டீன் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் 60 உள்ளன. அவை 30 ஜோடிகளாகச் சேர்ந்து டைசல்ஃபைடு பிணைப்புகளாக வேண்டும், ஒவ்வொன்றும் தனக்குரிய ஜோடியோடு. எல்டிஎல்லைப் பிடிக்கும் பகுதியில் ஏழு சிறு மடிப்புகள். ஒவ்வொன்றிலும் மூன்று பிணைப்புகள், நடுவில் ஒரு கால்சியம் அயனி. நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் இனேக்கே பிராக்மன் குழு 2002இல் காட்டியது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. இந்தப் புரதம் வரிசையாக, ஒரு மடிப்பு முடிந்து அடுத்தது என்று மடிவதில்லை. முதலில் தூரத்துச் சிஸ்டீன்களோடு தவறான ஜோடிகளைச் சேர்த்துக்கொள்கிறது. பிறகு அவற்றைப் பிரித்து மெல்ல மெல்லச் சரியான ஜோடிகளுக்கு வருகிறது. தவறான ஜோடிகளை உடைத்துக் கொடுக்க இஆர்டிஜே5 என்ற துணைப்புரதம் உண்டு. சுழல்விசிறி வடிவப் பகுதி சரியாக அமைய மெஸ்டி என்ற இன்னொன்று. மூடப்படாமல் வெளியே தெரியும் எண்ணெய்ப்பசைப் பகுதிகளைப் பிடித்துக்கொள்ள பிப்.

இதற்கு மேல் சர்க்கரைக் கொடிகளால் ஒரு சோதனை. புரதத்தின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைக் கொடியின் நுனிக் குளுக்கோஸை ஒரு நொதி கத்தரிக்கிறது. யுஜிஜிடி என்ற நொதி அந்தப் புரதத்தைத் தடவிப் பார்க்கிறது. மடிப்பில் குறை இருந்தால் குளுக்கோஸை மீண்டும் ஒட்டி, மடிய உதவும் கால்நெக்ஸின் என்ற துணைப்புரதத்திடமே திருப்பி அனுப்புகிறது. இன்னொரு சுற்று, இன்னொரு வாய்ப்பு. எத்தனை சுற்றுக்கும் சரிவராவிட்டால் கொடியின் மேனோஸ் சர்க்கரைகள் மெதுவாகக் கழன்றுபோகும். அதுதான் கெடு முடிந்ததற்கான அடையாளம். அந்தப் புரதத்துக்கு யுபிக்விட்டின் குறி இடப்படுகிறது. பி97 என்ற இயந்திரம் அதை வலையிலிருந்து உருவி வெளியே இழுக்க, புரதங்களை வெட்டும் புரோட்டியாசோம் அதைத் துண்டாக்குகிறது. தேறியவை கோப்2 என்ற கடத்தும் பைகளில் ஏறி, செல்லின் அடுத்த நிலையமான கோல்கைக்குப் போகின்றன. அங்கே கூடுதல் சர்க்கரைகள் சேர்ந்து, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஆய்வகப் படலத்தில் 120 கிலோடால்டன் எடையில் தெரிந்த ஏற்பியின் பட்டை 160க்கு ஏறிவிடும். ஒருவரின் ஏற்பி எங்கே நிற்கிறது என்று ஆய்வகம் கண்டுபிடிப்பது இப்படித்தான்: 120இலேயே தங்கியிருந்தால் வலையை விட்டு அது கிளம்பவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கண்காணிப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளியே போய் இந்த ஏற்பி வேலை செய்யுமா என்று செல்லுக்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. வலைக்குள் எல்டிஎல் துகள் வருவதில்லை, அதனால் பரீட்சித்துப் பார்க்க முடியாது. மடிப்பை மட்டும்தான் பார்க்க முடியும். ஆகவே வெளியே போனால் ஓரளவு உழைத்திருக்கக்கூடிய ஏற்பிகளும் உள்ளேயே நிறுத்தப்படுகின்றன. அரைகுறையாக மடிந்த புரதங்களை விட்டுவிட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிபடும் என்பதால் செல்லின் கண்டிப்பில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பவர் நோயாளி.

தென்னாப்பிரிக்காவைவிட இதற்கு நல்ல சான்று வேறெங்கும் கிடைப்பது அரிது. ஐரோப்பியக் குடியேறிகளின் வழிவந்த ஆஃப்ரிக்கானர் மக்களிடையே இந்த நோய் ஏறத்தாழ 70 முதல் 100 பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. உலகளவில் ஏறத்தாழ 250 அல்லது 300 பேருக்கு ஒருவர். ஆரம்பத்தில் வந்து குடியேறிய சிலரிடமிருந்து வந்த மூன்று மாற்றங்கள்தான் அவர்களில் பெரும்பாலோரின் நோய்க்குக் காரணம். அவற்றில் மிகப் பரவலானதில் ஏற்பி இழையின் 206ஆம் இடத்து அமினோ அமிலமான அஸ்பார்டிக் அமிலம் குளூட்டாமிக் அமிலமாகியிருக்கிறது. இரண்டுக்கும் மின்னேற்றம் ஒன்றே. ஒரே ஒரு கார்பன்தான் வித்தியாசம். ஆனால் அந்த இடம் ஐந்தாம் மடிப்பின் கால்சியத்தைப் பிடிக்கும் இடம். அவ்வளவு சிறிய மாற்றமே போதும்: ஏற்பி மெதுவாக நகர்கிறது, ஒரு பகுதி மட்டும் மேற்பரப்பைச் சேர்கிறது. இரண்டாவது பரவலான மாற்றத்தில் 408ஆம் இடத்து வாலின் மெத்தியோனின் ஆகிவிட, ஏற்பி நீடிக்காமல் வேகமாகச் சிதைந்துபோகிறது. ஒரே நாடு, ஒரே மக்கள், ஒரே நோய்ப்பெயர். பழுது மட்டும் பயணத்தின் வெவ்வேறு இடங்களில்.

மருத்துவர்கள் பழுதை வகை பிரிக்கிறார்கள். முதல் வகையில் ஏற்பி உருவாவதே இல்லை. இரண்டாம் வகையில் உருவாகி வலையில் சிக்குகிறது. முழுவதும் சிக்கினால் 2ஏ, கொஞ்சம் கசிந்து வெளியேறினால் 2பி. மூன்றாவதில் மேற்பரப்புக்கு வந்தும் எல்டிஎல்லைப் பிடிக்காது. நான்காவதில் பிடித்தும் உள்ளே இழுக்காது. ஐந்தாவதில் உள்ளே போய்த் திரும்பி வராது. இவற்றில் அதிகம் காணப்படுவது இரண்டாம் வகைதான்.

இனி மருந்துகள். என் பார்வையில் வழி நான்கு. நல்ல ஏற்பிகளைக் கூடுதலாக உற்பத்தி செய்ய வைப்பது, மேற்பரப்பை அடைந்தவை அழியாமல் காப்பது, சிக்கியவற்றை விடுவிப்பது, ஏற்பியையே நம்பாமல் வேறு வழியில் எல்டிஎல்லைக் குறைப்பது. எல்லாருக்கும் மனதுக்குப் பிடித்தது மூன்றாவது. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சிக்கிய புரதத்தோடு சின்ன மூலக்கூறு ஒன்று ஒட்டி மடிப்பை நிலைப்படுத்தினால் கண்காணிப்பு அதை விட்டுவிடும் என்பது வெறும் கற்பனையில்லை. நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் 508ஆம் இடத்து ஃபினைல்அலனின் இல்லாத புரதத்தை இப்படி வெளியே கொண்டுவரும் லுமகாஃப்டர், டெசகாஃப்டர், எலெக்சகாஃப்டர் போன்ற மருந்துகள் நோயாளிகளின் வாழ்க்கையையே மாற்றியிருக்கின்றன. ஃபேப்ரி என்ற இன்னொரு பரம்பரை நோயில் மிகாலஸ்டாட் என்ற மருந்து அதே தத்துவத்தில் இயங்குகிறது. எல்டிஎல் ஏற்பியிலும் ஆய்வக அளவில் நம்பிக்கையூட்டும் சான்று உண்டு. 544ஆம் இடத்து கிளைசின் வாலினாக மாறியதால் வலையில் தங்கிவிட்ட ஏற்பியை, 4-ஃபினைல்பியூட்டிரேட் என்ற சின்ன மூலக்கூறு கொடுக்கப்பட்ட செல்கள் ஓரளவு மேற்பரப்புக்கு அனுப்பின. அங்கே அது எல்டிஎல்லைப் பிடிக்கவும் செய்தது. நிறுத்தப்பட்டவற்றில் உழைக்கக்கூடியவையும் உண்டு என்று மேலே சொன்னதற்கு இதுவே சாட்சி.

ஆனாலும் இன்று எந்த டாக்டரிடமும் எல்டிஎல் ஏற்பியை விடுவிக்கும் மருந்து என்று ஒன்று எழுதி வாங்க முடியாது. காரணமும் புரிகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் மிகப் பெரும்பாலான நோயாளிகளிடம் அந்த ஒரே மாற்றம்தான். எல்டிஎல் ஏற்பியிலோ உலகமெங்கும் ஆயிரக்கணக்கான மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன. ஒன்றின் மடிப்பைத் தாங்கும் மூலக்கூறு மற்றொன்றைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. இந்த வழியில் நடக்கும் ஆராய்ச்சியை நான் ஆவலோடு கவனித்து வருகிறேன். ஆனால் அதற்காகக் காத்திருந்து, இன்றைய மாத்திரையைத் தள்ளிப்போடுவதை வன்மையாக எதிர்க்கிறேன். இந்த நோயில் தமனி ஒவ்வோர் ஆண்டும் கணக்கு எழுதிக்கொண்டே இருக்கிறது.

அடுத்தது உற்பத்தியைக் கூட்டும் வழி, அதாவது ஸ்டேட்டின். செல்லுக்குள் கொலஸ்ட்ரால் தயாரிப்பை அது தடுக்கிறது. எண்டோபிளாச வலையில் கொலஸ்ட்ரால் குறைந்ததும் எஸ்ஆர்இபிபி2 என்ற புரதம் அங்கிருந்து கோல்கைக்குக் கொண்டுபோகப்பட்டு வெட்டப்படுகிறது. வெட்டுண்ட துண்டு உட்கருவுக்குப் போய் எல்டிஎல் ஏற்பியின் மரபணுவை முடுக்கிவிடுகிறது. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பிரதி மட்டும் பழுதாக வந்தவருக்கு மற்றப் பிரதி நன்றாக இருக்கிறது. பழுதான ஏற்பி வலையிலேயே கிடந்தாலும் நல்லதன் எண்ணிக்கை கூடுகிறது. "சிக்கியதை விடுவிக்காத மருந்தை எதற்குத் தருகிறார்கள்" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். உயர் அளவில் எல்டிஎல் ஏறத்தாழ பாதியாகும். அளவை இரட்டிப்பாக்கினால் மேலும் 6 சதவீதம் அளவுக்குத்தான் குறையும் என்பதால் ஒரு கட்டத்துக்கு மேல் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதில் லாபமில்லை. அங்கே எசெட்டிமைப் சேர்ப்பது நல்லது. குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சுவதைத் தடுத்து இன்னும் 20 சதவீதம் அளவுக்குக் குறைக்கும் மாத்திரை அது.

ஸ்டேட்டினுக்குப் பயப்படுபவர்கள் நம்மவர்களில் அதிகம். தசை வலி வந்துவிடும் என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். லண்டனில் நடந்து 2020இல் வெளியான சாம்சன் ஆய்வில், ஸ்டேட்டினால் வலி என்று நிறுத்திய 60 பேருக்கு மாறி மாறி ஸ்டேட்டினும் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டேட்டினில் சொன்ன தொந்தரவில் ஏறத்தாழ 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. மருந்தை விடுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லி வேறு ஸ்டேட்டின், குறைந்த அளவு என்று முயன்று பார்க்க இடமிருக்கிறது. கர்ப்பம் திட்டமிடும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் பேசியாக வேண்டும்.

இரண்டு பிரதியும் பழுதான குழந்தைகளிடம் ஸ்டேட்டின் பெரிதாக வேலை செய்யாது என்று பலர் ஒதுக்கிவிடுவார்கள். அவர்களின் எல்டிஎல் சிகிச்சைக்கு முன் பெரும்பாலும் 13 மில்லிமோலைத் தாண்டியிருக்கும். தென்னாப்பிரிக்காவின் இரண்டு கொழுப்புச் சிகிச்சை மையங்களில் இருந்த 149 நோயாளிகளைப் பற்றி ஃபிரெடரிக் ரால் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை மாற்ற வேண்டும். எல்டிஎல் குறைந்தது சராசரியாக 26 சதவீதம் அளவுக்குத்தான். ஆனால் நவீன சிகிச்சை பெற்றவர்களின் மரண அபாயம் பெறாதவர்களுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்தது. ஸ்டேட்டினைப் பழைய மருந்து என்று அலட்சியமாகப் பேசுபவர்களிடம் நான் முதலில் எடுத்துச் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

மேற்பரப்பை அடைந்தவற்றைக் காக்கும் வழி 2003இல் பிசிஎஸ்கே9 கண்டறியப்பட்டதிலிருந்து வருகிறது. அந்தப் புரதம் ஏற்பியோடு ஒட்டிக்கொண்டால் ஏற்பி எண்டோசோமில் வளைந்து திரும்ப முடியாமல் செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குப் போய் அழிகிறது. எண்டோபிளாச வலையில் நடப்பதைப் போல இங்கேயும் ஒரு கட்டுப்பாடு, பயணத்தின் மறுமுனையில். ஸ்டேட்டினுக்கு இங்கே ஒரு சிக்கலும் உண்டு: ஏற்பியைக் கூட்டும் அதே முடுக்கம் பிசிஎஸ்கே9ஐயும் கூட்டிவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது பொருத்தமே. எவோலோகுமாப், அலிரோகுமாப் என்ற எதிர்ப்புரத ஊசிகள் 2015இல் அங்கீகாரம் பெற்றன; எல்டிஎல்லை ஏறத்தாழ 60 சதவீதம் குறைக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அல்லது மாதம் ஒருமுறை, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். இன்க்லிசிரான் பிசிஎஸ்கே9 உருவாவதையே கல்லீரலில் தடுக்கிறது. முதல் ஊசி, மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. ஒரு பிரதி பழுதான 482 பேரிடம் நடந்த ஓரியன்-9 ஆய்வில் வெற்று ஊசியோடு ஒப்பிட எல்டிஎல் ஏறத்தாழ 48 சதவீதம் குறைந்தது. அதற்கும் ரால்தான் முதல் ஆசிரியர்.

இரண்டில் எது? எல்டிஎல் அளவை அதிகம் இறக்குவது எதிர்ப்புரதம். ஊசி தவறவிடாமல் இருப்பது இன்க்லிசிரானில் எளிது. ஷிஃப்ட் வேலை, நீண்ட பயணம், மாதாமாதம் மருந்தகத்துக்குப் போக முடியாத நிலை என்றால் இன்க்லிசிரானை விரும்புவேன். ஏற்கெனவே மாரடைப்பு வந்து எண் இன்னும் வெகு தூரத்தில் இருந்தால் எதிர்ப்புரதம். இரண்டுமே விலை கூடியவை. மெடிக்கல் எய்ட் எனும் மருத்துவக் காப்பீட்டின் ஒப்புதலுக்கு டாக்டரின் விரிவான கடிதம் வேண்டியிருக்கும். உயர் கொலஸ்ட்ரால் இந்நாட்டுச் சட்டப்படியான நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது என்பதை அந்த உரையாடலில் மறக்க வேண்டாம்.

சிக்கிய வகை உண்மையில் முடிவை மாற்றும் இடம் இங்கேதான். டெஸ்லா ஆய்வில் இரண்டு பிரதியும் பழுதான 49 பேரிடம் எவோலோகுமாப் சராசரியாக 31 சதவீதம் குறைத்தது. ஆனால் இரண்டு பிரதியிலும் ஏற்பிச் செயல்பாடே இல்லாதவரிடம் பலன் இல்லை. மேற்பரப்பை எட்டாத ஒன்றைக் காப்பாற்றுவது எப்படி? ஆகவே 2பி போல் கொஞ்சம் கசிந்து வருபவர்களுக்கு இந்த ஊசியை முயன்று பார்ப்பது நியாயம். இரண்டு பிரதியும் 2ஏ அல்லது முதல் வகையாக இருந்தால், சில மாத முயற்சியில் எண் அசையாதபோது பணத்தை அங்கே கரைக்க வேண்டாம்.

அவர்களுக்குத்தான் நான்காவது வழி. எவினகுமாப் என்ற ஊசி ஆங்ஜிபிடிஎல்3 என்ற புரதத்தைத் தடுக்கிறது. ஏற்பி இல்லாதவரிடமும் எல்டிஎல்லைக் குறைக்கிறது. 65 பேரிடம் நடந்த ஆய்வில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மாதம் ஒருமுறை ரத்தக் குழாய் வழியே ஏற்ற வேண்டும், விலையோ மிக அதிகம். லோமிடபைட் மாத்திரை கல்லீரலிலிருந்து கொழுப்புத் துகள் கிளம்புவதையே தடுக்கும். அதனால் கல்லீரலில் கொழுப்பு தேங்கும், வயிறு கலங்கும், உணவில் கொழுப்பைக் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும். இயந்திரத்தில் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை வடிகட்டும் முறையும் உண்டு. இந்த மூன்றையும் நிபுணர் மையம் இல்லாமல் தொடக்கூடாது.

பரிசோதனை பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆஃப்ரிக்கானர்களின் மூன்று மாற்றங்களை மட்டும் தேடும் சோதனை நம் குடும்பத்துக்குப் போதாது. குஜராத்தி வழியினரிடம் 664ஆம் இடத்து புரோலின் மாற்றம் பதிவாகியிருக்கிறது. தமிழ்க் குடும்பத்தில் அதுவே இருக்கும் என்றும் எடுத்துக்கொள்ளக்கூடாது. மரபணு முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், இதே நோயைத் தரக்கூடிய பிசிஎஸ்கே9, ஏபிஓபி மரபணுக்களையும் சேர்த்து. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மருந்தை எடுங்கள், மரபணுச் சோதனையை விடுங்கள். ஒரு பிரதி பழுதானவருக்கு வகை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் முதல் படி ஸ்டேட்டின், இரண்டாவது எசெட்டிமைப், மூன்றாவது பிசிஎஸ்கே9 ஊசி. வரிசை மாறுவது இரண்டு பிரதியும் பழுதானவருக்கு மட்டும்தான்.

ஒரு பெற்றோருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. குதிகால் தசைநாணில் தடிப்பு, கண்ணின் கருவிழியைச் சுற்றி இளம் வயதிலேயே வெள்ளை வளையம் என்று எதுவும் தெரியாமலும் இருக்கலாம். சாதாரண கொலஸ்ட்ரால் பரிசோதனை போதும், பள்ளிப் பருவத்திலேயே. தேவைப்பட்டால் எட்டு, பத்து வயதிலேயே டாக்டர் மேற்பார்வையில் ஸ்டேட்டின் தொடங்கலாம். அடுத்த விடுமுறையில் எல்லாரும் கூடும்போது அண்ணன், தங்கை, அத்தை பிள்ளைகள் எல்லாரிடமும் அவரவர் கொலஸ்ட்ரால் அளவைக் கேளுங்கள். தெரியாதவர்களைத் திங்கட்கிழமையே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.